இன்னொருக்காச் சொல்லும்

1975 ஒக்டோபர் 13, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். எங்கள் புறநகர் நோபல் பார்க்கில் மழை தூறிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் வெயிலும் அடித்தது. மெல்பேர்னில் இதற்கு ஒருவரும் வியப்பதில்லை. நானும் வியக்கவில்லை, எரிச்சலடைந்தேன். வாசலில் கழற்றி வைத்திருந்த ஒன்பது சோடிச் சப்பாத்துகளில் என்னுடைய சோடி மட்டும்தான் கூரைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தது.

அன்று சரஸ்வதி பூசை. ஏழரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் கும்பம் வைத்தாக வேண்டும் என்று பெரியவர் அவசரப்படுத்தினார். அவர் ஊரில் தலைமை ஆசிரியராக இருந்து இளைப்பாறி மகனோடு வந்தவர். அந்தக் காலத்தில் மெல்பேர்னில் நமக்கென்று கோவில் இல்லை, ஆகவே அவர்தான் நமக்கு ஐயர். புத்தகங்களையும் வாத்தியங்களையும் சாமியின் முன் வைக்கவேண்டும், மறுநாள் விஜயதசமி காலைவரை யாரும் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். எங்களிடம் இருந்த ஒரே வாத்தியம் முன்னறையில் நின்ற பியானோ. வீணை என்றால் தூக்கிக்கொண்டு போய் வைக்கலாம். பியானோவைத் தூக்க ஆறு பேர் வேண்டும், அங்கே நின்ற ஆண்கள் நாலு பேர், அதில் ஒருவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. பியானோ சாமியிடம் போகாவிட்டால் சாமி பியானோவிடம் வரட்டும் என்று வீட்டுக்கார டொக்டர் சொன்னார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. மூடிய பியானோவின் மேல் பட்டுத்துணி விரித்து, படம் வைத்து, கும்பம் வைத்து, புத்தகங்களை அடுக்கினோம். ஏழு இருபத்தாறுக்கு வேலை முடிந்தது.

எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அதை எடுத்துக் கேட்ட அக்கா வைத்துவிட்டு, திரும்பி வந்து, பட்டுத்துணி போர்த்திய பியானோவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்றால் என் உடன்பிறப்பு அல்ல. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி. டொக்டரின் மனைவி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்து, சோதனைகள் எல்லாம் எடுத்து, பிறகு சிற்றலை வானொலியில் அமெரிக்கப் பாட்டுக் கேட்டுக் கெட்டுப்போனவர். கெட்டுப்போனவர் என்பது அவருடைய சொல்.

நான் ஒரு தகரப்பேணித் தொழிற்சாலையில் கணக்கு எழுத வந்தவன். வந்து இறங்கியது 1974 ஆகஸ்டில், ஒரு பருத்திச் சட்டையோடு. மனைவியும் பிள்ளையும் ஊரில். அந்த வீட்டு வாசலில் பெட்டியை வைத்துவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை, சரியான குளிர் என்பது.

"இன்னொருக்காச் சொல்லும் தம்பி," என்றார் அக்கா.

காது மந்தம் என்று நினைத்துக் கத்திச் சொன்னேன். பின்னால் நின்ற டொக்டர் என் தோளைத் தொட்டு, "கத்தாதையும். அவவுக்குக் காது நல்லாக் கேக்கும். அது அவவின்ர தொழில்," என்றார். அதற்குள் அக்கா முன்னறைக்குப் போய்விட்டார். கதவுக்கு அப்பால் பியானோவில் என் குளிர் இரண்டு தரம் கேட்டது.

அது என்ன தொழில் என்று விளங்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அமெரிக்காவில் கறுப்பு மக்கள் பாடும் புளூஸ் என்ற பாட்டுக்கு மூன்று வரிதான். முதல் வரி ஒரு முறைப்பாடு. இரண்டாவது வரி அதே முறைப்பாடு, ஒரு சொல்லும் மாறாமல். மூன்றாவது வரி அதற்கு மறுமொழி. ஒரு வரிக்குப் பதினாறு தட்டு, மூன்று வரிக்கு நாற்பத்தெட்டு. எத்தனை பேர் எத்தனை ஊரில் பாடினாலும் நாற்பத்தெட்டு. இந்தக் கணக்குக்காகவே அந்தப் பாட்டில் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் நான் எண்ணத் தொடங்கி எப்போதும் தோற்றிருக்கிறேன்.

மனிதர்கள் முறைப்பாட்டை ஒருதரம் சொல்லும்போது கோபத்தில் சொல்கிறார்கள், இரண்டாந்தரம் சொல்லும்போதுதான் அதில் ராகம் வருகிறது என்பது அக்காவின் கட்சி. ஆகவே யார் எதைச் சொன்னாலும், "இன்னொருக்காச் சொல்லும்." தபால்காரரிடம், எரிவாயு மீற்றர் பார்க்க வந்தவரிடம், கதவு தட்டிய மதப் பிரசாரகர்களிடம். அவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்வார். பலர் மறுமுறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிடுவார்கள்.

பாட்டெழுதுவது கந்தோர் வேலை, அதாவது அலுவலக வேலை, என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். நியூயோர்க்கில் ஒரு கட்டடம் முழுக்கப் பாட்டெழுதும் அறைகள் இருந்தனவாம், ஒரு அறைக்கு ஒரு பியானோ, ஒரு கதிரை, ஒரு சாம்பல் கிண்ணம். ஒன்பதுக்குப் போய் ஐந்துக்கு வருவார்களாம். அக்காவும் ஒன்பது மணிக்குச் சேலையும் கம்பளிச் சட்டையும் உடுத்து, வீட்டுக்குள்ளேயே கறுப்புச் சப்பாத்துப் போட்டு, குசினியிலிருந்து முன்னறைக்கு வேலைக்குப் போவார். பத்தரைக்குத் தேநீர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் டொக்டர் முன்னறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஞானம் வரும்வரை காத்திருந்து எழுதுபவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "பஸ்ஸுக்கு நிக்கிறவை," என்பார். அவ்வளவுதான் விமர்சனம்.

பாட்டு முதலில் வீட்டுத் தமிழில்தான் வரும். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவார். மறுமொழி வரி வராவிட்டால் அந்தப் பதினாறு தட்டுக்கும் விரலால் எதையாவது வாசித்து நிரப்பிவிடுவார். வாய் சொல்லாததை விரல் சொல்லட்டும் என்பார். நல்ல பாட்டுகள் பலவற்றுக்கு அப்படி மூன்றாவது வரியே இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கர் இருந்தார். பந்தயப் புறா வளர்ப்பவர். பியானோச் சத்தத்துக்குத் தன் புறாக்கள் வீடு திரும்பப் பயப்படுகின்றன என்று ஒருநாள் சண்டைக்கு வந்தார். அவருடைய ஆங்கிலமும் கைகளால் பேசும் ஆங்கிலம். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். மனுசன் எழும்பி நின்று இரண்டாந்தரம் சொன்னார். புறா திரும்பவில்லை, என் புறா திரும்பவில்லை. அக்கா பியானோவில் வாசிக்க, தன் கோபம் தன்னிடமே இவ்வளவு அழகாகத் திரும்பி வருவதைக் கேட்டு அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அடுத்த கிழமை தன் மகளைப் பற்றிய முறைப்பாட்டோடு வந்தார். அதற்கடுத்த கிழமை தன் மைத்துனரைக் கூட்டிவந்தார். சில சனிக்கிழமைகளில் எனக்கு இருக்கக் கதிரை இருக்காது. அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டு, அக்காவைக் கண்டதும் மூடிக்கொள்வேன்.

இந்த ஆபத்திலிருந்து தப்பும் வழி டொக்டருக்கு மட்டும்தான் தெரியும். "கறிக்கு உப்புக் கூட," என்பார். அக்கா நிமிர்ந்து பார்ப்பார். "ஒருக்காத்தான் சொல்லுவன்," என்று டொக்டர் தொடர்ந்து சாப்பிடுவார்.

எனக்கு அது முடியாது. நான் இயல்பிலேயே எதையும் இரண்டுதரம் சொல்பவன். டன்டினோங் ரயில் நாலு நிமிடம் பிந்தியது, பாண் துண்டு முந்திய கிழமையைவிட மெல்லிசு, குளியலறையில் பல்ப் மங்கல். என் முறைப்பாடுகளிலிருந்து அக்கா முப்பத்தொரு பாட்டு எழுதினார். இது அவர் சொன்ன கணக்கு அல்ல, என் கணக்கு. "நீர் வாடகை தரவேண்டாம், முறையிட்டாலே போதும்," என்று ஒருநாள் பகிடியாகச் சொன்னார். பகிடியென்று தெரிந்தும் நான் வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.

அந்தப் பூசை நாளுக்கு முன் ஒரேயொரு நாள்தான் அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டார். பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல், ஆசுப்பத்திரியில் வைத்திருக்கிறோம் என்று ஊரிலிருந்து கடிதம் வந்த நாள். நான் ஒருதரம் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் இருந்தார். அன்று ஒன்பது மணிக்குக் கந்தோர் திறக்கவில்லை. பத்தாம் நாள் பிள்ளை வீடு வந்ததாகத் தந்தி வந்தபிறகுதான் பியானோச் சத்தம் கேட்டது.

உங்களுக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லையா என்று ஒரு பின்னேரம் கேட்டேன். சிரித்தார்.

"இருக்குத் தம்பி. ஒன்பது வருசமா எழுதிறன். இருநூறு பாட்டுக்கு மேல. அமெரிக்காவுக்கு அனுப்பினால் உறை உடைக்காமல் திரும்பி வருது. கந்தோர் திறந்து வச்சிருக்கிறன், ஒரு ஆள் வரேல்லை." பிறகு தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "ஆனால் நான் சொன்னால், இன்னொருக்காச் சொல்லு எண்டு ஆர் கேக்கிறது?" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை தொலைபேசியில் பேசியவர் கார்ல்டனில் ஞாயிறு மத்தியானங்களில் ட்ரம்பெட் வாசிப்பவர். மற்ற நாட்களில் ட்ராம் ஓட்டுபவர். அக்காவின் பாட்டுகளைப் பற்றிக் கிரேக்கரின் மைத்துனர் மூலம் கேள்விப்பட்டவர். சிக்காகோவிலிருந்து ஒரு பாடகி வந்திருக்கிறார், நகரத்து ஹோட்டலில் பாடுகிறார், புதுப் பாட்டுத் தேடுகிறார் என்று முன்பே சொல்லியிருந்தார். இப்போது சொன்னது, பாடகிக்கு இன்று மட்டும்தான் ஓய்வு, நாளை காலை சிட்னிக்குப் பறக்கிறார், பின்னேரம் ஐந்து மணிக்குக் கூட்டி வருகிறேன் என்பது.

டொக்டர் கும்பத்தைப் பார்த்தார். "ஒரு பக்கமாத் தள்ளி வைப்பம். சாமி குறை நினைக்காது," என்றார். பெரியவர்கூடச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது சம்மதம் என்றுதான் எனக்குப் பட்டது.

அக்காதான் மறுத்தார். "வருசத்தில ஒரு நாள்தான் எங்கட கந்தோருக்கு லீவு. அதையும் நானே உடைக்கிறதோ," என்றார். பிறகு குசினிக்குப் போய் அங்குமிங்கும் நடந்தார். பியானோ இல்லாமல் பாடலாம். ஆனால் பியானோ இல்லாவிட்டால் மூன்றாவது வரியை விரலால் நிரப்ப முடியாது. அந்தப் பாடகிக்கென்று அவர் மனதில் வைத்திருந்த பாட்டுக்கு மூன்றாவது வரி இல்லை.

அது என்னுடைய பாட்டு. ஆடி மாதக் குளிரில் ஒரு காலைச் சாப்பாட்டின்போது நான் சொன்னது. டொக்டர் ஏலத்தில் வாங்கிய இரட்டைக் கட்டிலை என் அறையில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஒருவரும் இல்லை. இரண்டு சோடிக் காலுறை போட்டும் பயனில்லை.

கட்டில் பெரிசு, என்ர காலுக்குக் குளிருது.
கட்டில் பெரிசு, என்ர காலுக்குக் குளிருது.

மூன்று மாதமாக இதற்கு மறுமொழி வரவில்லை. டொக்டர் வெந்நீர்ப் பை என்றார். நான் இன்னொரு கம்பளி என்றேன். "அது மருந்து. மறுமொழி இல்லை," என்று அக்கா தள்ளிவிட்டார்.

இப்போது நடப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "கட்டில் உம்முடையது. காலும் உம்முடையது. மறுமொழி சொல்லவேண்டிய ஆளிட்டை ஒருநாளாவது கேட்டீரோ?"

கேட்கவில்லை. வந்து பதினாலு மாதத்தில் நான் ஊருக்கு ஒருமுறையும் தொலைபேசி எடுத்ததில்லை. நிமிடக் கணக்கில் காசு. கடிதத்தில் காலைப் பற்றியா எழுதுவது? ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது மறுக்க முடியவில்லை. தொழிற்சாலைக்கு லீவு சொல்லியிருந்தேன். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிரக்கிராசியாரிடம் தொலைபேசி இருந்தது. சட்டவேலை செய்பவர், கண்டிப்பானவர். அவர் எண்ணுக்கு அழைப்புப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். பகல் ஒன்றரைக்கு இணைப்புக் கிடைத்தது. ஊரில் காலை ஒன்பது. மனைவியைக் கூட்டிவர ஆள் ஓடியது. ஓடிய நேரத்துக்கும் காசு.

ட்ரங் கோல் என்றாலே அந்தக் காலத்தில் சாவுச்செய்திதான். மனைவி வாங்கியவுடன், "ஆருக்கு என்ன?" என்றாள்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றேன். பக்கத்தில் அக்கா. அந்தப் பக்கத்தில் பிரக்கிராசியாரும் அவர் குடும்பமும் நிற்பது நிச்சயம். நேரம் ஓடியது. "கட்டில் பெரிசு. என்ர காலுக்குக் குளிருது," என்றேன்.

கடலின் இரைச்சல் போல ஒன்று கொஞ்சநேரம் கேட்டது. பிறகு மனைவி, "இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள்.

சத்தியமாக அவளுக்கு அக்காவைப் பற்றி எதுவும் தெரியாது. நான் எழுதியதில்லை. இன்னொருதரம் சொன்னேன், மெதுவாக.

"சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படுங்கோ," என்றாள். "நான் வந்து கழட்டிறன்."

அந்தப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். பிரக்கிராசியாராக இருக்கவேண்டும். அவள் சிரித்தாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அதற்குப் பின் நாங்கள் பிள்ளையின் பல்லைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் பேசினோம். எவ்வளவு நேரம் என்பதை நான் கவனிக்கவில்லை. தொலைபேசித் திணைக்களம் கவனித்தது.

வரியை அக்காவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னேன். அக்கா என்னை இன்னொருதரம் சொல்லச் சொல்லவில்லை. சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னறைக்கு ஓடினார். பிறகு கந்தோர் லீவு என்பது நினைவு வந்து திரும்பி வந்தார்.

ஐந்து மணிக்குப் பாடகி வந்தார். நல்ல உயரம், பச்சைக் கோட்டு. பூசைக்கு வந்த சனங்களோடு அப்போது வாசலில் இருபத்துமூன்று சோடிச் சப்பாத்து. சொல்லாமலே தன்னுடையதையும் கழற்றி வைத்தார். பியானோ ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். ட்ரம்பெட்காரர் தலையைச் சொறிந்தார். டொக்டர், இன்று எங்கள் கல்வித் தெய்வத்தின் நாள், வாத்தியத்துக்கு ஓய்வு என்று விளக்கினார். பாடகி பட்டுத்துணியைப் பார்த்துத் தலையசைத்தார். தன் தாயார் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாட்டுத் தவிர வேறெதையும் வீட்டுப் பியானோவில் வாசிக்க விட்டதில்லை, ஒருமுறை வாசித்துக் கையில் அடி வாங்கியிருக்கிறேன் என்றார். கொடுத்த கடலையையும் அவலையும் வாங்கிக்கொண்டு எங்களோடு நிலத்திலேயே இருந்தார்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். "பியானோ இல்லை. உமக்குத்தான் எண்ண வரும். எண்ணும்."

நான் கதிரையின் கையில் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அக்கா எழும்பி நின்று, கும்பத்துக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பாடினார். அவருக்குப் பெரிய குரல் இல்லை. கட்டில் பெரிசு என்று ஒருதரம். கட்டில் பெரிசு என்று மறுதரம். பாடகி கண்ணை மூடியிருந்தார். மூன்றாவது வரி வந்தது. சப்பாத்தோடு படு, நான் வந்து கழட்டுகிறேன்.

பாடகி கண்ணைத் திறந்து, தொடையில் அடித்துச் சிரித்தார். அவல் சிந்தியது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "அதை இன்னொருதரம் சொல்லு, பெண்ணே."

அக்கா உடனே பாடவில்லை. டொக்டரின் பக்கம் திரும்பி, "கேட்டியளோ?" என்றார். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டது," என்றார்.

பிறகு பாடினார். இரண்டாம் சுற்றில் பாடகியும் சேர்ந்துகொண்டார். அந்தக் குரலுக்குச் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, வேலிக்கு மேலால் கிரேக்கரின் தலை தெரிந்தது, சனங்கள் கை தட்டத் தொடங்கினார்கள். இது என்ன பாட்டு என்று பெரியவர் கேட்க, கணவன் மனைவி கடமை பற்றியது என்று டொக்டர் சொன்னார். பெரியவர் நல்ல விஷயம் என்று தானும் தட்டினார். மொத்தம் எத்தனை சுற்றுப் பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. தட்டை எண்ணிக்கொண்டிருந்ததால் சுற்றை எண்ண முடியவில்லை. இன்றுவரை அது எனக்கு ஒரு குறை.

பாடகி பாட்டை எழுதி வாங்கிக்கொண்டு போனார். சிட்னியில் அந்தக் கிழமை முழுக்க அதைப் பாடியதாகவும், நோபல் பார்க்கிலிருந்து வந்த பாட்டு என்று ஒவ்வொரு இரவும் சொன்னதாகவும் ட்ரம்பெட்காரர் அறிந்து வந்து சொன்னார். இசைத்தட்டாக வரவில்லை. அக்கா அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. விஜயதசமி காலை கும்பம் எடுத்தவுடன், சரியாக ஒன்பது மணிக்கு, கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். என் மனைவி அடுத்த பங்குனியில் வந்து சேர்ந்தாள். வாக்குத் தவறவில்லை.

ஆனால் அதற்கு முன் தொலைபேசிப் பட்டியல் வந்தது. மார்கழியில், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. என் அழைப்புக்குரிய தொகையை டொக்டர் விரலால் காட்டினார். ஒரு கிழமை வாடகையைவிடக் கூட. ஒரே ஒரு வரிக்கு இவ்வளவு காசா என்று தொகையை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். கண் மினுங்கியது.

"இன்னொருக்காச் சொல்லும், தம்பி."

டொக்டர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்து எச்சரித்தார். பிந்திவிட்டது. நான் ஏற்கெனவே வாயைத் திறந்துவிட்டேன்.

"இருபத்தொரு டொலர் முப்பது சதம்."